எத்தனை பேர் கப்பல் ஏறினார்கள்? மரபணு வேறுபாட்டில் தற்செயலும் இடப்பெயர்வும்

கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு நெடுஞ்சாலை வழியே போகிறவருக்குச் சன்னலுக்கு வெளியே மைல் கணக்கில் தெரிவது செம்பனைதான். அந்த மரங்களின் தாய்வழியைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால், அதன் பெரும்பகுதி 1848-ஆம் ஆண்டு ஜாவாத் தீவின் போகோர் தாவரவியல் தோட்டத்தில் நடப்பட்ட நான்கே நான்கு கன்றுகளில் போய் நிற்கிறது. இரண்டு ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்தவை. மற்ற இரண்டும் இந்தியப் பெருங்கடல் தீவு ஒன்றிலிருந்து வந்தவை. அவற்றின் வழித்தோன்றல்கள் சுமத்ராவின் டெலி வட்டாரத்துக்குப் போயின. அந்த வழியில் வந்த மரங்கள் மலாயாவுக்கு வந்து, 1917-இல் சிலாங்கூரின் தென்னைமரம் தோட்டத்தில் முதன்முறையாக வணிக அளவில் நடப்பட்டன. (தோட்டத்தின் பெயர் தென்னைமரம், நட்டது செம்பனை, நம் தோட்டப் பெயர்களின் வரலாறு தனிக் கட்டுரைக்கு உரியது.) பின்னர் தந்தைவழியில் ஆப்பிரிக்க மரங்கள் சேர்க்கப்பட்டுக் கலப்பு ரகங்கள் உருவான போதும், ‘டெலி டூரா’ எனப்படும் அந்தத் தாய்வழி இன்றுவரை தொடர்கிறது.

டெலி வழி மரங்கள் ஒன்றை ஒன்று ஒத்திருப்பதைப் பார்த்து மண்ணின் குணம், மழையின் அளவு, வளர்த்தவரின் திறமை என்று காரணம் அடுக்கலாம். அவற்றில் உண்மை உண்டு என்றாலும், அவை எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி எத்தனை கன்றுகள் வந்தன என்பதே. ஆப்பிரிக்கக் காடுகளில் இருந்த கோடிக்கணக்கான மரங்களில் எந்த நான்கின் விதை கப்பலேறியது என்பதைத் தீர்மானித்தது தகுதியன்று, தற்செயல். மனிதக் கூட்டங்களைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. ஒரு குடும்பத்தில், ஒரு சாதியில், ஓர் ஊரில் ஏதேனும் ஒரு கூறு மிகுந்து காணப்பட்டால், அதற்கு உணவோ, உழைப்போ, முன்னோர் பெருமையோ, முன்வினையோ காரணமாகச் சொல்லப்படுகிறது. மக்கள்தொகை மரபியல் என்னும் துறை நூறு ஆண்டுகளாகச் சொல்லிவருவது என்னவென்றால், உயிர்க்கூட்டங்களுக்கு இடையே காணும் வேறுபாடுகளில் பெரும்பங்குக்கு அப்படி எந்த நோக்கமும் காரணமும் தேவையில்லை. கூட்டம் எவ்வளவு சிறியதாக இருந்தது, வெளியிலிருந்து எத்தனை பேர் வந்து கலந்தார்கள் என்ற இரண்டு எண்களே போதும்.

ஒரே மரபணு வெவ்வேறு வடிவங்களில் இருக்கலாம். ஏ, பி, ஓ இரத்த வகைகள் ஒரே மரபணுவின் வடிவ வேறுபாடுகளால் வருபவை. பாடநூல்கள் ‘அல்லீல்’ என்று குறிக்கும் இவ்வடிவங்களை இங்கே மாற்றுரு என்று அழைப்போம். ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு மரபணுவுக்கும் இரண்டு படிகள் உண்டு. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. அவர் தம் பிள்ளைக்குத் தருவது அந்த இரண்டில் ஒன்றை மட்டுமே, அதுவும் காசு சுண்டிப் போட்டது போல. ஒருவருக்கு இரண்டே பிள்ளைகள் என்றால், அவருடைய ஒரு குறிப்பிட்ட மாற்றுரு இருவரில் யாருக்குமே போய்ச் சேராமல் இருக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அந்த மாற்றுரு நல்லதா கெட்டதா என்று அந்தக் காசுக்குத் தெரியாது.

1908-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஜி. எச். ஹார்டியும், ஜெர்மனிய மருத்துவர் வில்ஹெல்ம் வைன்பெர்க்கும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரு முடிவுக்கு வந்தார்கள். கூட்டம் மிகப் பெரியதாக இருந்து, திருமணங்கள் எந்தச் சார்பும் இன்றி அமைந்து, யாரும் உள்ளே வராமலும் வெளியே போகாமலும், எந்த மாற்றுருவுக்கும் தனிச் சாதகம் இல்லாமலும் இருந்தால், மாற்றுருக்களின் விகிதம் தலைமுறை தலைமுறையாக மாறாமல் நிற்கும் என்பதே அது. ஐந்தாண்டுகள் கழித்து 1913-இல் மதராஸ் துறைமுக அலுவலகத்து எழுத்தர் ஒருவரிடமிருந்து வந்த கடிதத்தைப் பிரித்துப் படித்து, சீனிவாச இராமானுஜனை உலகுக்கு அறிமுகப்படுத்திய ஹார்டியும் இவரே. உயர்கணிதத்தில் தோய்ந்த அவருக்கு இந்த மரபியல் முடிவு பெருக்கல் வாய்ப்பாட்டு அளவிலான எளிய கணக்காகவே பட்டது. ஆனால் அதில் உள்ள ‘மிகப் பெரிய கூட்டம்’ என்ற ஒரு நிபந்தனையை நீக்கிப் பார்த்தபோதுதான் கதை தொடங்கியது. அதை நீக்கிப் பார்த்தவர்களில் முதன்மையானவர்கள் ரொனால்டு ஃபிஷரும் சுவல் ரைட்டும் ஆவர்.

தைப்பூசத்தன்று பத்துமலை அடிவாரத்திலோ பினாங்குத் தண்ணீர்மலைக்குப் போகும் சாலையிலோ கச்சாங் பூத்தே விற்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய டின்னில் வறுத்த கச்சான், பட்டாணி, கொண்டைக்கடலை, முறுக்குத் துண்டு எல்லாம் கலந்து கிடக்கின்றன. அங்கங்கே சில முந்திரிப் பருப்புகளும் உண்டு. அவர் ஒரு காகிதக் கூம்பில் அள்ளித் தருகிறார். கூம்பில் இருப்பது டின்னில் இருக்கும் அதே விகிதத்தில் இருக்காது. பட்டாணி சற்றுக் கூடியிருக்கும், முந்திரி ஒன்றுகூட விழாமலும் போயிருக்கும். இப்போது ஒரு விசித்திரமான விதியைச் சேருங்கள். அடுத்த நாள் டின்னை நிரப்பும்போது, நேற்று அள்ளிய அந்த ஒரு கூம்பின் விகிதத்தை அப்படியே பின்பற்றித்தான் நிரப்ப வேண்டும். மறுநாள் மீண்டும் ஒரு கூம்பு. அதன் விகிதத்தில் மீண்டும் ஒரு டின். முந்திரி ஒருமுறை கூம்பில் விழாமற்போனால், பிறகு எந்த நாளிலும் டின்னில் முந்திரி இருக்காது. இப்படியே போனால், போதுமான நாள் கழித்து டின் முழுவதும் ஒரே பண்டமாக ஆகிவிடும். அது கச்சானாக இருக்கலாம், பட்டாணியாக இருக்கலாம். எது என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது, ஏதேனும் ஒன்றாகத்தான் முடியும் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். இதுவே மரபியல் நகர்வு. கூம்பு என்பது ஒரு தலைமுறையில் அடுத்த தலைமுறையைப் பெற்றெடுத்தவர்களின் தொகை.

கூம்பின் அளவே இங்கே எல்லாம். ஒரு மாற்றுரு சரிபாதி விகிதத்தில் இருக்கும் பத்துப் பேர் கொண்ட குடியிருப்பில், ஒரே தலைமுறையில் அந்த விகிதம் ஐம்பதிலிருந்து ஏறத்தாழ 11 விழுக்காட்டுப் புள்ளி மேலோ கீழோ போவது வழக்கமான தடுமாற்றமே. பத்தாயிரம் பேர் கொண்ட ஊரில் அதே தடுமாற்றம் ஒரு புள்ளியில் மூன்றில் ஒரு பங்கு அளவே இருக்கும். 1956-இல் பீட்டர் பியூரி என்னும் ஆய்வாளர் வெளியிட்ட பழ ஈச் சோதனை இதைக் கண்முன் காட்டியது. அவர் 107 குடுவைகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் எட்டு ஆண் ஈக்களையும் எட்டுப் பெண் ஈக்களையும் விட்டார். கண்ணின் நிறத்தைத் தீர்மானிக்கும் ஒரு மரபணுவின் இரண்டு மாற்றுருக்கள் எல்லாக் குடுவையிலும் சரிபாதியாகவே தொடங்கின. ஒவ்வொரு தலைமுறையிலும் எட்டு எட்டாக எழுந்தமானத்தில் பொறுக்கி அடுத்த குடுவைக்கு மாற்றினார். பத்தொன்பது தலைமுறை கழிந்தபோது பாதிக்கும் மேற்பட்ட குடுவைகளில் ஏதோ ஒரு மாற்றுரு அடியோடு இல்லாமற்போயிருந்தது. சில குடுவைகளில் இது, சில குடுவைகளில் அது, ஏறத்தாழச் சரிசமமாக. ஒரே உணவு, ஒரே வெப்பம், ஒரே தொடக்கம், ஆனால் முடிவு குடுவைக்குக் குடுவை வேறு. ஒரு குடுவையை மட்டும் தனியே எடுத்துப் பார்த்த ஒருவர், “இந்தக் குடுவையின் சூழலுக்கு இந்த நிறமே ஏற்றது” என்று ஓர் அழகான விளக்கத்தை எழுதியிருப்பார். நூற்றேழையும் சேர்த்துப் பார்த்தவருக்கே அந்த விளக்கம் தேவையற்றது என்று தெரியும்.

பியூரியின் குடுவைகளில் நகர்வு பதினாறு ஈக்களுக்குரிய வேகத்தைவிட விரைவாகவே நடந்தது. தலைகளின் எண்ணிக்கையும் இனப்பெருக்கத்தில் உண்மையாகப் பங்கேற்பவர்களின் எண்ணிக்கையும் ஒன்றல்ல என்பதே அதற்குக் காரணம். இதற்குப் பயன்தரு எண்ணிக்கை என்று பெயர். நம்முடைய தோட்டப்புற வரலாற்றை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பால்மரத் (ரப்பர்) தோட்டங்களின் தொடக்க காலத்தில் வந்தவர்களில் ஆண்கள் மிகப் பலர், பெண்கள் மிகச் சிலர். ஒரு லயத்தில் 90 ஆண்களும் 10 பெண்களும் இருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த தலைமுறையின் மரபணுக்களில் சரிபாதி அந்தப் பத்துப் பெண்களிடமிருந்தே வந்தாக வேண்டும். கணக்குப் போட்டால், மரபியல் நோக்கில் அந்த நூறு பேர் 36 பேருக்குச் சமம். எண்ணிக்கை காலப்போக்கில் ஏறி இறங்கினாலும் இதே கதைதான். ஒன்பது தலைமுறை ஆயிரம் பேராக வாழ்ந்த ஊர், இடையே ஒரே ஒரு தலைமுறை பஞ்சத்தாலோ கொள்ளைநோயாலோ பத்துப் பேராகச் சுருங்கியிருந்தால், பத்துத் தலைமுறைக்கும் சேர்த்து அதன் பயன்தரு எண்ணிக்கை 92-ஐத் தாண்டாது. ஒரு தலைமுறை பட்ட அடியை மற்ற ஒன்பதும் சேர்ந்து ஈடுகட்ட முடிவதில்லை.

தமிழரிடையே வழிகள் இப்படித் தற்செயலாக அற்றுப்போவதைக் காட்ட இன்னும் நெருக்கமான சான்று ஒன்று உண்டு. குலதெய்வம் தந்தைவழியே இறங்குகிறது. மகன் தந்தையின் தெய்வத்தைக் கும்பிடுகிறான், மகள் மணமானதும் கணவன் வீட்டுத் தெய்வத்துக்கு உரியவளாகிறாள். ஆண்களிடம் மட்டுமே இருந்து மகனுக்கு மட்டுமே செல்லும் ஒய் குரோமோசோமின் பாதை அச்சாக இதுவே. நூறு வேறு வேறு குலதெய்வங்களைக் கொண்ட நூறு ஆண்கள் ஓரிடத்தில் குடியேறி, சராசரியாக ஒருவருக்கு ஒரு மகன் ஆளாகிறான் என்று கொள்வோம். சராசரி ஒன்று என்றாலும், சிலருக்கு மூன்று மகன்கள், சிலருக்கு ஒருவரும் இல்லை. தற்செயலின் கணக்குப்படி முதல் தலைமுறையிலேயே ஏறத்தாழ 37 தெய்வங்களுக்குக் கும்பிட ஆளில்லாமற்போகும். அந்த 37 பேரின் மகள்கள் நலமாக வாழ்ந்து பிள்ளைகள் பெற்றிருப்பார்கள். இரத்த வழி அறவில்லை, தந்தைவழிக் கோடு மட்டுமே அறுந்தது. தாயிடமிருந்து மட்டுமே வரும் மைட்டோகாண்ட்ரியா மரபணுவுக்கு இதுவே மறுபக்கமாகப் பொருந்தும். பினாங்கில் கூ கொங்சி போன்ற சீனக் குல மண்டபங்களின் பெயர்ப்பலகைகளிலும் இதே விதி செயல்பட்டிருக்கிறது. தந்தைவழிக் குடும்பப் பெயர்கள் நெடுங்காலமாக இறங்கிவந்த சீனரிடையே, கோடிக்கணக்கானோர் ஒரு சில நூறு பெயர்களுக்குள் அடங்கிவிட்டனர். நாமோ தந்தையின் பெயரையே தலைப்பெழுத்தாக்கிக்கொண்டு தலைமுறைதோறும் அதை அழித்துவிடுகிறோம், ஆகவே நம் பெயர்களில் இந்தத் தடயம் கிடைக்காது.

இனி பால்மரத்துக்கு வருவோம். 1876-இல் ஹென்றி விக்காம் அமேசான் பகுதியிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இலண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை சுமார் 2,700. அவற்றில் பெரும்பகுதி இலங்கைக்குப் போயிற்று. 1877-இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தவை 22 கன்றுகள், அவற்றில் ஒன்பது பேராக் மாநிலத்தின் கோலா கங்சாரில் நடப்பட்டன. தென்கிழக்காசியாவின் பால்மரத் தோட்டங்களில் மிகப் பெரும்பகுதி விக்காமின் அந்த விதைமூட்டையின் வழித்தோன்றல்களே. நம் முன்னோரை இங்கே இழுத்து வந்த மரமே ஒரு சிறு கூட்டமாகக் கப்பலேறி வந்ததுதான்.

ஆனால் இந்த இடத்தில் பலர் ஒரு தவறு செய்கிறார்கள். சிறு எண்ணிக்கையில் தொடங்கினால் வேறுபாடு முழுவதும் அழிந்துவிடும் என்று நினைக்கிறார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. ஒன்றுக்கொன்று உறவில்லாத 22 கன்றுகள் வந்திருந்தால், ஒருவரிடமுள்ள இரண்டு படிகள் வேறுபட்டிருக்கும் வாய்ப்பால் அளக்கப்படும் வேறுபாட்டில் கிட்டத்தட்ட 98 விழுக்காடு அவற்றோடு வந்துவிடும். நான்கே கன்றுகள் என்றாலும் எட்டில் ஏழு பங்கு வந்துவிடும். அப்படியானால் இழந்தது என்ன? அரியவற்றை. தாய்க்காட்டில் நூற்றில் ஒரு படியாக இருந்த ஒரு மாற்றுரு 22 கன்றுகளில் எதிலுமே இல்லாமலிருக்கும் வாய்ப்பு 64 விழுக்காடு. நான்கு கன்றுகளில் இல்லாமலிருக்கும் வாய்ப்பு 92 விழுக்காடு. கூம்பில் கச்சானும் பட்டாணியும் இருக்கும், முந்திரிதான் இருக்காது. நோயெதிர்ப்புத் தரும் மாற்றுருக்கள் பல நேரங்களில் இத்தகைய அரியவையே. தென்னமெரிக்காவில் பால்மர இலைகளை உதிர்த்து மரத்தையே சாகடிக்கும் பூஞ்சை நோய் ஒன்று உண்டு. நம் நாட்டின் உயர்விளைச்சல் ஒட்டுரகங்கள் அதற்கு எளிதில் இரையாகக்கூடியவை, நோய் இன்னும் இந்தப் பக்கம் வந்து சேராததே நம் தோட்டங்கள் நிற்பதற்குக் காரணம். 1981-இல் பன்னாட்டு ரப்பர் ஆய்வுக் குழு ஒன்று பிரேசிலின் அக்கிரே, ரொண்டோனியா, மாட்டோ குரோசோ பகுதிகளுக்குள் சென்று புதிய விதைகளைத் திரட்டி, மலேசியாவுக்கும் ஐவரி கோஸ்ட்டுக்கும் பகிர்ந்தளித்ததற்குப் பின்னால் இருந்தது இந்தக் கவலைதான். நூறாண்டு கழித்து, விட்டுவந்த முந்திரியைத் தேடித் திரும்பிப் போன பயணம் அது.

மனிதரிடையே இதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு பசிபிக் பெருங்கடலின் பிங்கிலாப் என்னும் சிறு தீவு. 1775 வாக்கில் வீசிய சூறாவளியிலும் அதைத் தொடர்ந்த பஞ்சத்திலும் அங்கே தப்பியவர்கள் ஏறத்தாழ இருபதே பேர். அவர்களில் ஒருவரிடம் நிறம் காணும் திறனைப் பறிக்கும் மாற்றுருவின் ஒரு படி இருந்தது. அது ஒற்றைப் படியாக இருந்தவரை எந்தத் தீங்கும் இல்லை. தலைமுறைகள் சில கடந்து, எல்லாருமே எல்லாருக்கும் உறவினர் என்றான பின், இரண்டு பக்கத்திலிருந்தும் அதைப் பெற்ற பிள்ளைகள் பிறந்தார்கள். உலகின் பிற இடங்களில் சுமார் முப்பதாயிரத்தில் ஒருவருக்கு வரும் முழு நிறக்குருடு அத்தீவினரில் நூற்றுக்கு நான்கு முதல் பத்துப் பேரிடம் இன்றும் காணப்படுகிறது. அந்தத் தீவின் வெயிலோ மீனோ இதற்குக் காரணம் அன்று.

சூறாவளி ஏதும் வீசாமலே இதே விளைவை உண்டாக்க முடியும். திருமண விதி ஒன்று போதும். 2013-இல் பிரியா மூர்ஜானியும் அவருடன் ஆய்ந்தோரும் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியத் துணைக்கண்டத்தின் மக்கள் ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை பரவலாக ஒருவரோடொருவர் கலந்திருந்தார்கள். அதன் பின்னரே தத்தம் குழுவுக்குள் மட்டும் மணம் செய்யும் வழக்கம் இறுகியது. இறுகிய பிறகு ஒவ்வொரு சாதியும் ஒரு தீவாயிற்று. 2017-இல் 260-க்கு மேற்பட்ட தெற்காசியக் குழுக்களை ஆராய்ந்த மற்றோர் ஆய்வு, அவற்றில் 81 குழுக்களின் நிறுவனர் விளைவு (சிலரே தொடங்கிவைத்த கூட்டத்தில் வேறுபாடு சுருங்குவது), இவ்விளைவுக்குப் பெயர்போன ஃபின்லாந்து மக்களையும் ஐரோப்பிய யூதர்களையும்விடக் கடுமையானது என்று கண்டது. அந்தக் குழுக்களில் சிலவற்றின் இன்றைய மக்கள்தொகை பத்து இலட்சத்துக்கும் மேல். கூட்டம் இன்று பெரியதாக இருப்பது அன்று சிறியதாக இருந்ததை மறைத்துவிடுகிறது, அழித்துவிடுவதில்லை.

சாதிப் பெருமை பேசுவோர் ‘கலப்பில்லாத இரத்தம்’ என்று கொண்டாடுவது எதுவோ, அதை மரபியலாளர் நோய்க்கூறுகள் திரளும் சிறு கூம்பு என்று படிக்கிறார். இந்த இரண்டு வாசிப்புகளில் எது நேர்மையானது என்பதில் எனக்கு ஐயம் இல்லை. இங்கே நுட்பமான ஒரு வேறுபாட்டையும் சொல்லியாக வேண்டும். அத்தை மகள், மாமன் மகன், அக்காள் மகள் என்று நெருங்கிய உறவில் மணப்பது வேறு, சாதிக்குள் மணப்பது வேறு. நெருங்கிய உறவுத் திருமணம் கூட்டத்தில் உள்ள மாற்றுருக்களின் விகிதத்தை மாற்றுவதில்லை. ஒரே மாற்றுரு இரண்டு பக்கமிருந்தும் ஒரு பிள்ளையிடம் வந்து சேரும் வாய்ப்பை மட்டும் கூட்டுகிறது. முறைப்பெண்ணை மணந்தவர்களின் பிள்ளைக்கு எந்த ஒரு மரபணுவிலும் அந்த வாய்ப்பு பதினாறில் ஒன்று, தாய்மாமனை மணந்தால் எட்டில் ஒன்று. மலேசியாவின் 1976-ஆம் ஆண்டு திருமண, மணவிலக்குச் சட்டம் நெருங்கிய உறவு மணங்களைத் தடைசெய்தபோது, இந்து வழக்கப்படி அக்காள், தங்கை மகளை மணப்பதற்கு மட்டும் விலக்கு அளித்தது. நெருங்கிய உறவு மணத்தின் விளைவு ஒரே தலைமுறையில் வெளியாருடன் மணம் செய்தால் நீங்கிவிடும். சாதிக்குள் மட்டும் மணப்பதன் விளைவோ அப்படி நீங்குவதில்லை, ஏனென்றால் முறைப்பெண் அல்லாத, யாரென்றே தெரியாத ஒரு பெண்ணும் இருபது தலைமுறைக்கு முந்திய அதே சில நிறுவனர்களின் வழியில் வந்தவள்தான்.

அப்படியானால் மலாயாவுக்கு வந்த தமிழர்? இலட்சக்கணக்கில் வந்தார்கள், அதில் பெரும்பகுதி திரும்பியும் போனார்கள். நாகப்பட்டினத்திலும் மதராஸிலும் ஏறி, பினாங்கை அடுத்த ஜெரஜாக் தீவில் நோய்த்தடைக் காவலில் நாள் கழித்துக் கரையேறியவர்களின் எண்ணிக்கையைப் பார்த்தால், இங்கே நான்கு கன்றுக் கதை இல்லை. மொத்தத் தமிழ்ச் சமூகத்தையும் வைத்துச் சொன்னால் நிறுவனர் விளைவு மிகச் சிறியதாகவே இருக்கும். நகர்வு தன் வேலையைச் செய்ய நான்கைந்து தலைமுறை போதவும் போதாது. ஆனால் வந்தவர்கள் டின்னிலிருந்து எழுந்தமானத்தில் அள்ளப்பட்டவர்கள் அல்லர். கங்காணி முறையில் ஆள் சேர்த்தவர் தம் சொந்த ஊருக்குப் போய், அண்ணன் தம்பி, மாமன் மச்சான், பங்காளி என்று தமக்குத் தெரிந்தவர்களையே திரட்டி வந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து தொடர்வண்டித் துறை வேலைக்கு வந்தவர்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் தங்கினார்கள், பினாங்கின் சூலியா தெருவில் சோழமண்டலக் கரையின் முஸ்லிம் வணிகர்கள் நிலைத்தார்கள், செட்டிநாட்டிலிருந்து வட்டிக்கடைக்காரர்கள் வந்தார்கள். ஆகவே மலேசிய இந்தியர் என்று அரசுப் படிவம் ஒரே கட்டத்தில் அடைக்கும் மக்கள், மரபியல் நோக்கில் பல வேறு கூம்புகள். ஒரு தோட்டத்தில் மிகுந்து காணும் ஒரு கூறு பத்து மைல் தள்ளியுள்ள மற்றொரு தோட்டத்தில் இல்லாதிருந்தால், நீரையும் காற்றையும் ஆராய்வதற்கு முன்பு அந்தத் தோட்டத்துக் கங்காணியின் ஊர் எது என்று விசாரிப்பது பயன்தரும்.

கூம்புகள் தனித்தனியே விலகிப் போவதைத் தடுப்பது இடப்பெயர்வு, அதாவது மரபணு ஓட்டம். நகர்வு கூட்டங்களுக்கிடையே வேறுபாட்டை வளர்க்கிறது; ஓட்டம் அதைக் கரைக்கிறது. சுவல் ரைட் இதில் கண்டறிந்த முடிவு முதல் பார்வைக்கு நம்ப முடியாதது. கூட்டம் நூறு பேராக இருந்தாலும் நூறாயிரம் பேராக இருந்தாலும், ஒரு தலைமுறைக்கு ஒரே ஒரு வெளியார் வந்து பிள்ளை பெற்றால் போதும், இரண்டு கூட்டங்கள் முற்றிலும் பிரிந்து போகாமல் தடுக்க. பெரிய கூட்டத்துக்கு ஒருவர் எப்படிப் போதும் என்று கேட்கத் தோன்றும். பெரிய கூட்டத்தில் நகர்வு ஆமை வேகத்தில் நடக்கிறது, அதை ஈடுசெய்ய ஒருவரின் சிறு பங்கே போதும். சிறிய கூட்டத்தில் நகர்வு வேகமானது, ஆனால் அங்கே அந்த ஒருவர் பெரும் பங்கு. இரண்டும் சரியாக ஈடுகட்டிக்கொள்கின்றன. எனினும் ‘போதும்’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ஒரு தலைமுறைக்கு ஒருவர் என்னும் அளவில், கூட்டங்களுக்கிடையேயான வேறுபாட்டு அளவீடு சுழியத்துக்கும் ஒன்றுக்கும் இடையே சுமார் 0.2 என்ற அளவில் நிற்கும். அது சிறிதும் அற்பமானதன்று.

மலாயாப் புலிகளைக் காக்க முனைவோருக்கு இந்த எண் ஏட்டுக் கணக்கு இல்லை. 2022-இல் அறிவிக்கப்பட்ட கணக்கெடுப்பின்படி காட்டில் எஞ்சியிருப்பவை 150-க்கும் குறைவு, அவையும் நெடுஞ்சாலைகளாலும் தோட்டங்களாலும் துண்டாடப்பட்ட காடுகளில். கிரிக் அருகே கிழக்கு மேற்கு நெடுஞ்சாலைக்கு அடியில் விலங்குகள் கடந்து செல்ல விடப்பட்ட பாதையைப் பார்ப்பவர், ஒரு தலைமுறைக்கு ஒரு புலி கடந்து மறுபக்கத்தில் துணை தேடிக்கொண்டால் என்ன கிடைக்கும் என்ற கணக்கைக் காங்கிரீட்டில் பார்க்கிறார். மனிதரிடையே ஓட்டத்துக்கு நல்ல சான்று மலாக்காவின் செட்டி சமூகம். சுல்தான்கள் காலத்தில் வந்த தமிழ் வணிகர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்து உருவான அச்சமூகத்தில், வீட்டு மொழி மலாயாயிற்று, உடை மாறியது, சைவ வழிபாடு மட்டும் விடாமல் நிலைத்தது. பினாங்கின் ஜாவி பெரானாக்கான் குடும்பங்களில் தமிழ் முஸ்லிம் ஆண்களின் வழியும் மலாய்ப் பெண்களின் வழியும் இணைந்தன. மொழி ஒரு பக்கம், சமயம் ஒரு பக்கம், மரபணு ஒரு பக்கம் என்று மூன்றும் தனித்தனிக் கணக்கில் நகர்வதை இவ்விரு சமூகங்களிலும் காணலாம்.

எல்லாமே தற்செயல் என்று சொல்லிவிடவும் கூடாது. நம் நாட்டு மலாய்க்காரர்களிடமும் ஓராங் அஸ்லி மக்களிடமும் காணப்படும் முட்டை வடிவச் சிவப்பணுவும், ஹீமோகுளோபின் ஈ வகையும் மலேரியா மிகுந்த நிலங்களில் பெருகியவை; ஒற்றைப் படியாக இருக்கும்போது காய்ச்சலிலிருந்து அவை ஓரளவு காத்ததால் இயற்கைத் தேர்வு அவற்றை உயர்த்தியது. நான்காம் படிவ மாணவர்களுக்குத் தலசீமியா என்னும் மரபுவழி இரத்தச்சோகைக்கான சோதனை செய்யப்படுவது அந்தப் பழைய காப்பின் விலையை இன்று கணக்கிடத்தான். தேர்வையும் நகர்வையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. கூம்பு சிறியதாக இருந்தால் எல்லா மரபணுக்களும் ஒரே அளவில் தடுமாறும். தேர்வு செயல்பட்டிருந்தால் ஒரே ஒரு மரபணுவும் அதைச் சுற்றிய பகுதியும் மட்டும் மற்றவற்றிலிருந்து விலகி நிற்கும். ஆகவே எந்தக் கூறுக்கும் ‘இது எதற்குப் பயன்பட்டது’ என்று கதை சொல்வதற்கு முன், அதே கூட்டத்தின் மற்ற மரபணுக்கள் எவ்வளவு தடுமாறியிருக்கின்றன என்று பார்ப்பது ஆய்வாளரின் முதல் கடமை. ஓராங் அஸ்லி மக்களில் செமாங் பிரிவின் உட்குழுக்கள் சில போன்று நூற்றுக்கணக்கில் மட்டுமே இருக்கும் குழுக்களில் அந்தத் தடுமாற்றம் மிகப் பெரியது. அவர்களைப் பற்றி எழுதப்பட்ட ‘காட்டு வாழ்வுக்கு ஏற்ற தகவமைப்பு’ விளக்கங்களை இந்தக் கண்கொண்டு மீண்டும் படிக்க வேண்டியிருக்கிறது.

எச்சிலைக் குப்பியில் அடைத்து அனுப்பினால் ‘தென்னிந்தியர் இத்தனை விழுக்காடு, தென்கிழக்காசியர் மூன்று விழுக்காடு’ என்று முடிவு அனுப்பும் நிறுவனங்கள் இப்போது நம்மிடையேயும் பரவிவிட்டன. அந்த மூன்று விழுக்காட்டை வைத்துக்கொண்டு கடாரம் கொண்ட சோழனின் படைவீரனைத் தம் வம்சத்தில் தேடுவோரைக் குடும்ப விருந்துகளில் காண முடிகிறது. அந்த எண், நிறுவனம் தன் கையில் வைத்திருக்கும் ஒப்பீட்டு மாதிரிகளோடு உங்கள் மாற்றுருக்களின் விகிதத்தைப் பொருத்திப் பார்த்த மதிப்பீடு. மாதிரிகள் மாறினால் எண்ணும் மாறும், மூன்று என்பது பிழை எல்லைக்குள்ளேயே அடங்கியும் போகலாம். 1972-இல் ரிச்சர்ட் லெவோன்டின் கணக்கிட்டபடி, மனிதகுலத்தின் மொத்த மரபணு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 விழுக்காடு ஒரே மக்கள் கூட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. செந்தூல் அடுக்குமாடியில் அடுத்தடுத்த வீட்டுத் தமிழர் இருவருக்கிடையே உள்ள வேறுபாடு, தமிழர் கூட்டத்தின் சராசரிக்கும் மற்றோர் இனத்தாரின் சராசரிக்கும் இடையே உள்ள வேறுபாட்டைவிடப் பன்மடங்கு பெரியது.

மருத்துவமனைப் படிவத்தில் ‘இந்தியர்’ என்னும் கட்டத்தில் குறியிடுவதால் மருத்துவருக்குக் கிடைக்கும் செய்தி ஆகவே மிகக் குறைவு. தெலுங்கு வணிகச் சாதியான ஆரிய வைசியர் சமூகத்தில், அறுவைச் சிகிச்சையின்போது தசையைத் தளர்த்தத் தரப்படும் ஒரு மருந்தைச் சிதைக்கும் நொதி குறைந்திருப்பது மற்றவர்களைவிட ஏறத்தாழ நூறு மடங்கு மிகுதி. சில நிமிடங்களில் தெளிய வேண்டிய அந்த மருந்து அவர்களில் சிலரை மணிக்கணக்கில் அசையவும் மூச்சு விடவும் முடியாமல் கிடத்திவிடுவதால், செயற்கைச் சுவாசம் தர வேண்டியிருக்கும். பழைய சிறு கூம்பு ஒன்றில் தற்செயலாக விழுந்த ஒரு மாற்றுருவின் வேலை அது. ‘இந்தியர்’ என்ற கட்டம் அதைக் காட்டாது, பெரும்பாலான மலேசிய இந்தியருக்கு அது பொருந்தவும் செய்யாது. ஆகவேதான் அனுபவமுள்ள மயக்க மருந்து நிபுணர், கத்தி வைப்பதற்கு முந்திய நாள் கட்டிலருகே வந்து, படிவத்தைப் புரட்டுவதை நிறுத்திவிட்டு, “உங்கள் வீட்டில் யாருக்காவது ஆபரேஷனுக்குப் பிறகு மயக்கம் தெளிய ரொம்ப நேரம் ஆனதுண்டா, அப்பா பக்கமோ அம்மா பக்கமோ?” என்று கேட்கிறார்.